நடக்கப் பாதை இருக்கிறது, உட்காரப் பப் இல்லை: இங்கிலாந்துக் கிராமங்களில் என்ன நடக்கிறது?

பிரிட்டனில் பப்புகள் மூடப்படுகின்றன என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. 2000ஆம் ஆண்டில் அங்கே சுமார் 60,000 பப்புகள் இருந்தன. இப்போது 45,000 அளவுக்கு வந்துவிட்டது. இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு எழும் கேள்வி நியாயமானதுதான்: மது விற்கும் இடம் மூடினால் நல்லதுதானே, இதற்கு ஏன் இத்தனை புலம்பல்? குடிப்பவர்கள் புலம்பினால் சரி. மலைநடைக்குப் போகிறவர்களும் ஊர் மன்றங்களும் பீரைத் தொடாதவர்களும்கூட ஏன் மனுப் போடுகிறார்கள்?

இது புரிய வேண்டுமானால் ஆங்கிலேயர்களின் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரயிலிலோ காரிலோ ஒரு கிராமத்துக்குப் போவார்கள். வயல், தோப்பு, மேய்ச்சல் நிலம் வழியாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடப்பார்கள். பாதி வழியில் ஒரு பப்பில் மதியச் சாப்பாடு. அப்புறம் வேறு பாதையில் வட்டமடித்துத் திரும்புவார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பாதை வேண்டும், பப்பும் வேண்டும். பாதையைச் சட்டம் காக்கிறது. பப்போ வெறும் வியாபாரம். கட்டுப்படியாகாவிட்டால் கதவைச் சாத்திவிடலாம். பிரச்சினையின் வேர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில், பப் என்பது என்ன?

டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தச் செய்தி விளங்காது. மது விற்க உரிமம் உண்டு என்பதைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. கிராமத்துப் பப் பார்க்க ஒரு பழைய வீடு மாதிரி இருக்கும். பல இடங்களில் நடத்துகிறவரின் குடும்பம் மாடியிலேயே குடியிருக்கும். தலை இடிக்கும் உயரத்தில் மர உத்தரங்கள், குளிர்காலத்தில் எரியும் கணப்பு, அதன் முன்னால் யாருடைய நாயோ நீட்டிப் படுத்திருக்கும். பெற்றோருடன் குழந்தைகள் வரலாம். தேநீர், காபி, எலுமிச்சை கலந்த சோடா எல்லாம் கிடைக்கும். மது வாங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

பொதுவாக மேசைக்கு வந்து யாரும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. நாமே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்து, கிளாஸை எடுத்துவர வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். முந்துகிறவரை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

சாப்பாட்டில் நடப்பவர்கள் அதிகம் கேட்பது ‘ப்ளவ்மேன்ஸ் லஞ்ச்’: ஒரு பெரிய சீஸ் துண்டு, ரொட்டி, வெண்ணெய், காடியில் ஊறிய வெங்காயம், இனிப்பும் புளிப்புமாக ஒரு ஊறுகாய். உழவர்கள் நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டு வந்தது போலத் தோன்றும். ரொட்டியும் சீஸும் பழையவைதான். ஆனால் இந்தப் பெயரோடு இது பப் தட்டுக்கு வந்து பரவியது 1950களிலும் 60களிலும், சீஸ் விற்பனையைக் கூட்ட பால் பொருள் துறையினர் செய்த விளம்பரத்தால். கிராமத்துப் பப்பின் ‘பழமை’யில் எவ்வளவு அசல், எவ்வளவு அலங்காரம் என்று கேட்டால் பதில் எப்போதும் கலப்படம்தான்.

பாதைக்கு உரிமை வந்தது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துப் பொது வழியுரிமை உள்ள பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. நிலம் தனியாருடையது, ஆனால் அதன் மேல் நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. இதன் அடிப்படைகளை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

1. பாதை ஒருவரின் வயலுக்கு நடுவே போனாலும் அவர் அதை அடைக்க முடியாது. வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதுவிட்டால், அநேகமாக 14 நாள்களுக்குள் மறுபடி நடக்கத்தக்கதாக ஆக்கித் தர வேண்டும்.

2. ஒரு வழியைப் பொதுமக்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், தடையில்லாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தி வந்தால், நில உரிமையாளர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டார் என்றே 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் கொள்ளும். அப்படி விடும் எண்ணம் தனக்கு இல்லை என்று அவர் நிரூபித்தால்தான் விலக்கு.

3. 1949ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டம், இந்தப் பாதைகளை வரைபடத்தில் பதியும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. வரைபடத்தில் ஏறிவிட்டால் அதுவே சான்று. நிலம் பத்துக் கை மாறினாலும் பாதை மாறாது.

4. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி போனது. மலை, மேட்டுப் புல்வெளி, புதர்க்காடு, பதிவான பொது நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். ஸ்காட்லாந்துக்கு 2003இல் தனிச் சட்டம் வந்தது. அது இதைவிடத் தாராளமானது.

நான்காவது சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்களின் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. வழியுரிமைச் சட்டத்தை இங்கே யாரும் வறட்டு விதியாகப் பார்ப்பதில்லை என்றால், அதற்கு இதுபோன்ற நினைவுகள்தான் காரணம்.

பாதையும் பப்பும் சேர்ந்த இடம்

இந்தப் பாதைகளில் பெரும்பாலானவை பொழுதுபோக்குக்காகப் போட்டவை அல்ல. ஊர் மக்கள் தேவாலயத்துக்கும் மாவு ஆலைக்கும் சந்தைக்கும் போய்வந்த தடங்கள். மாடு ஓட்டிப் போனவர்களும் பொதிக்குதிரைக்காரர்களும் இரவு தங்க வழியில் விடுதிகள் இருந்தன. அதனால் இன்றைக்கும் பாதைகள் கூடும் இடத்தில் ஒரு பப் நிற்பது தற்செயல் அல்ல.

ஆள்தான் மாறிவிட்டார்கள். பிரிட்டனிலேயே மிக உயரத்தில் உள்ள பப், யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் 528 மீட்டரில் இருக்கும் டான் ஹில் இன். சுற்றிலும் வெறும் புல்வெளி. பக்கத்தில் ஊர் கிடையாது. இந்த இடத்தில் யாருக்காகக் கட்டினார்கள்? அங்கே நிலக்கரிக் குழிகள் இருந்தன. குழிகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூடப்பட்டன. பப் பிழைத்ததற்கு ஒரு காரணம், நடப்பவர்கள் வந்து சேர்ந்தது. 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் வே என்ற 431 கிலோமீட்டர் நடைவழி அதன் வாசலை ஒட்டியே போகிறது. அந்த வழி ஈடேல் கிராமத்தில் ஓல்டு நேக்ஸ் ஹெட் என்ற பப் அருகே தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லைக்கு அப்பால் கிர்க் யெட்ஹோமில் பார்டர் ஹோட்டல் என்ற இன்னொரு பப்பில் முடிகிறது.

மற்ற கிராமங்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். டிராக்டர் வந்தது, பண்ணையாட்கள் போனார்கள், வீடுகளை நகரத்தார் வாங்கினார்கள். மாலையில் வேலை முடித்து வந்து உட்கார்ந்த கூட்டம் கரைந்தது. அந்த இடத்துக்குச் சேற்றுப் பூட்ஸோடு நடப்பவர்கள் வந்தார்கள். ஆனால் இவர்கள் வருவது சனி, ஞாயிறு. அதிலும் மழை இல்லாத நாளில். அதிலும் பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே. வாரம் முழுக்க ஆகும் செலவை ஆறேழு மணி நேரத்தில் சம்பாதிக்க வேண்டும் என்றால் எந்தக் கடை தாங்கும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் உலகப் போரில், ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துக் கிடக்கக் கூடாது என்று மதியத்துக்குப் பின் பப்புகளை மூட உத்தரவிட்டார்கள். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாரநாள்களுக்கு 1988 வரையிலும், ஞாயிற்றுக்கிழமைக்கு 1995 வரையிலும் பிற்பகல் பூட்டு நீடித்தது. மூன்றரை மணிக்கு மலையிறங்கி வந்தவருக்குப் பூட்டிய கதவுதான். சட்டம் அதை நீக்கிவிட்டது. இப்போது பல கிராமப் பப்புகள் ஆள் இல்லாததால் தாங்களாகவே பிற்பகலில் பூட்டுகின்றன.

ஒரு பீப்பாயின் கணக்கு

கட்டுப்படியாகவில்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, நிலவறையில் இருக்கும் ஒரு பீப்பாயைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

கிராமத்துப் பப்பின் பெருமை ‘காஸ்க் ஏல்’ எனும் பீர். இதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரையான குளிர்ச்சியில் வைத்து, கவுன்ட்டரில் உள்ள நீண்ட பிடியை இழுத்துக் கையால்தான் மேலே ஏற்றுவார்கள். பெரிய ஆலைகள் இதைக் கைவிட்டு, வாயு ஏற்றிய பீருக்கு மாறத் தொடங்கியபோது, அதை எதிர்த்து 1971இல் காம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு தொடங்கியது. காஸ்க் ஏல் இன்று கிடைப்பதில் அந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்கமான பீப்பாய் ஒன்பது காலன். அதாவது 72 பைண்ட். ஒரு பைண்ட் 568 மில்லி லிட்டர். அடியில் தங்கும் மண்டியைக் கழித்தால் விற்கக் கிடைப்பது 70க்குக் கொஞ்சம் குறைவு. பீப்பாயைத் திறந்து பீர் இறங்க இறங்க உள்ளே காற்று புகும். மூன்று நாள் நன்றாக இருக்கும்; அதற்கு மேல் சுவை தட்டையாகிப் பின் புளிக்கும். இப்போது உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம்:

1. நாளுக்கு 23 பைண்ட் விற்றால் மூன்று நாளில் பீப்பாய் காலி. நல்ல பீர், நல்ல லாபம்.

2. நவம்பர் மாதத்து மழை. திங்கள் முதல் புதன் வரை நாளுக்கு 6 பைண்ட்தான் போகிறது. 18 விற்றது, 50 சாக்கடைக்கு.

3. நடப்பவர்களைக் கவர மூன்று வகை பீர் வைத்திருந்தால், அதே 18 பைண்ட் மூன்று பீப்பாய்க்குப் பிரியும். நட்டம் மூன்று மடங்குக்கும் மேல்.

4. கொட்ட மனம் வராமல் ஐந்தாம் நாளும் விற்றால், வாய் வைத்தவர் அடுத்த முறை வர மாட்டார்.

பாதி அளவுப் பீப்பாய் வாங்கலாம், வகைகளைக் குறைக்கலாம், அல்லது திங்களும் செவ்வாயும் மூடிவிடலாம். கிராமப் பப் வாசல்களில் ‘திங்கள், செவ்வாய் விடுமுறை’ என்ற பலகை பெருகியிருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மூடத் தொடங்கியதும் வாரநாளில் நடக்க வந்த ஓய்வுபெற்றவர்கள் ஏமாந்து, வேறு ஊர்ப் பக்கம் போகிறார்கள். வியாபாரம் இன்னும் இளைக்கிறது.

கட்டிடம் யாருடையது?

செய்திகளில் அதிகம் குழப்புவது இந்தப் பகுதிதான். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் பல இடங்களில் உரிமையாளர் அல்ல, குத்தகைக்காரர். கட்டிடம் ஒரு மதுவாலையுடையதாகவோ, ஒரு நிறுவனத்துடையதாகவோ இருக்கும். அவர் வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் அவர்களிடமிருந்தே, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ‘டை’ என்று பெயர். வாடகை சலுகையாக இருக்கும், பீர் விலை கூடுதலாக இருக்கும். எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்றிருப்பது ‘ஃப்ரீ ஹவுஸ்’. வாசல் பலகையிலேயே எழுதியிருப்பார்கள்.

1989இல் ஆறு பெரிய மதுவாலைகளின் பிடியை உடைக்க அரசு ஓர் ஆணை போட்டது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, கூடுதலாக உள்ளதில் பாதியை விடுவிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆணை கட்டுப்படுத்தியது மதுவாலைகளை மட்டுமே. அதனால் பீரே காய்ச்சாத புது நிறுவனங்கள் முளைத்து, பப்புகளை ஆயிரக்கணக்கில் வாங்கின. அதே டை, வேறு முதலாளி. வாங்கியது பெரும்பாலும் கடனில். 2007இல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. அடுத்த ஆண்டு நிதி நெருக்கடி. கடனைக் கட்ட, கட்டிடங்களை விற்கத் தொடங்கினார்கள்.

அழகான கிராமத்தில், கணப்பும் தோட்டமும் உள்ள இருநூறு ஆண்டுப் பழைய கட்டிடத்தைப் பப்பாக விற்பதைவிட வீடாக விற்றால் நல்ல விலை போகும். ஊர் எவ்வளவு அழகோ, பப்புக்கு அவ்வளவு ஆபத்து. 500 அல்லது அதற்கு மேல் டை பப்புகள் வைத்துள்ள நிறுவனங்களுக்கு 2016இல் ஒரு நடத்தை விதித் தொகுப்பு வந்தது. குத்தகைக்காரர் சில நேரங்களில் டையைக் கைவிட்டுச் சந்தை வாடகை மட்டும் கேட்கலாம். உதவிதான், ஆனால் காலம் கடந்த உதவி.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடையில் வாங்கும் ரொட்டிக்கும் சீஸுக்கும் மதிப்புக்கூட்டு வரி கிடையாது; அதையே பப்பில் தட்டில் வைத்தால் 20 சதவீதம். 2025 ஏப்ரலில் தொழிலாளருக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதே மாதம் கட்டிட வரிச் சலுகை 75 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கியது. குழாய் எரிவாயு எட்டாத கிராமங்களில் சூடேற்றவும் சமைக்கவும் எண்ணெயோ சிலிண்டரோதான்.

மூடினால் நடப்பவருக்கு என்ன போகிறது?

பீர் போவது சின்ன விஷயம். கழிப்பறை, குடிதண்ணீர், உலர்ந்த ஓர் இடம், செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் ஒரு தொலைபேசி எல்லாம் பல கிராமங்களில் அந்த ஒரு கட்டிடத்தில்தான். 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயலின் பனியில் டான் ஹில் இன்னில் சுமார் 60 பேர் மூன்று இரவுகள் சிக்கிக்கொண்டார்கள். ஒயாசிஸ் என்ற ராக் இசைக்குழுவின் பாடல்களைப் பாட வந்திருந்த ஒரு குழுவும் உள்ளே மாட்டிக்கொண்டதால் செய்தி உலகமெங்கும் சிரிப்போடு பரவியது. அந்த மேட்டில் அந்தக் கட்டிடம் இல்லாதிருந்தால் அது சிரிக்கும் செய்தியாக இருந்திருக்காது.

இன்னொரு விளைவு மெதுவாக வரும். வட்ட நடைகளை வகுப்பவர்கள் நடுவில் பப் வருகிற மாதிரித்தான் வகுப்பார்கள். பப் மூடினால் அந்த நடை வழக்கொழியும். கால் படாத பாதையில் முள்ளும் செந்தட்டியும் இடுப்பளவு ஏறும். பாதை வரைபடத்தில் இருக்கிறது, சட்டப்படி உயிரோடு இருக்கிறது. ஆனால் நடக்க முடியாது. பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் உள்ளாட்சி, புகார் வரும் பாதையைத்தான் முதலில் வெட்டும். நடக்கிறவரே இல்லாத பாதைக்கு யார் புகார் கொடுப்பது?

தடுக்க என்ன வழி இருக்கிறது?

2017 மே மாதம் முதல் இங்கிலாந்தில் ஒரு பப்பை இடிக்கவோ, கடையாக மாற்றவோகூடத் திட்ட அனுமதி கட்டாயம்; வீடாக மாற்ற அதற்கு முன்பிருந்தே அனுமதி வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஃபோர்ட்‌ஷயரின் க்ரூக்கட் ஹவுஸ் உதாரணம். சுரங்கம் தோண்டியதில் மண் இறங்கி, கட்டிடமே சாய்ந்து நின்று புகழ்பெற்ற பப் அது. விற்கப்பட்ட சில நாள்களில், 2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. இரண்டே நாளில் அனுமதியின்றித் தரைமட்டமாக்கப்பட்டது. பழையபடியே கட்டித்தர உள்ளாட்சி 2024இல் உத்தரவிட்டது. லண்டனில் 2015இல் இப்படி இடிக்கப்பட்ட கார்ல்டன் டேவர்ன், உத்தரவின்படி மறுபடி கட்டப்பட்டு 2021இல் திறந்தது. எனவே உத்தரவு வெறும் காகிதம் அல்ல.

2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊரார் ஒரு பப்பைச் சமூகச் சொத்து என்று பதியலாம். விற்பனைக்கு வந்தால் பணம் திரட்ட ஆறு மாதம் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊரார் 2003இல் ஓல்டு கிரௌன் பப்பைக் கூட்டுறவாக வாங்கினார்கள். சாலையே போகாத ஸ்காட்லாந்தின் நாய்டார்ட்டில், படகிலோ மலைநடையிலோ மட்டும் அடையக்கூடிய ஓல்டு ஃபோர்ஜ் பப்பை 2022இல் ஊர் மக்கள் வாங்கினார்கள். பாராட்ட வேண்டியவைதான். ஆனால் பங்கு வாங்கப் பணமும், கணக்குப் பார்க்க ஓய்வும் உள்ள ஊரில்தான் இது சுலபமாக நடக்கும். வசதி குறைந்த ஊரில் பலகையை அடித்து மூடிவிடுகிறார்கள்.

நடக்கப் போகிறவர் கவனிக்க வேண்டியவை

1. அரசு நில அளவை வரைபடத்தில் ‘பிஎச்’ என்ற இரண்டு எழுத்து பப்பைக் குறிக்கும். வரைபடம் பழசானால் அந்த இடத்தில் இப்போது ஒரு குடும்பம் குடியிருக்கலாம். கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

2. பப் திறந்திருப்பதும் சமையலறை திறந்திருப்பதும் ஒன்றல்ல. பல இடங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 அல்லது 2.30 வரைதான். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் (வாட்டிய இறைச்சி) சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யாமல் போனால் பெரும்பாலும் சிப்ஸ் பாக்கெட்டுதான் கிடைக்கும்.

3. சேற்றுப் பூட்ஸுக்கு அனுமதி உண்டா என்று வாசலிலேயே எழுதியிருக்கும். எழுதாவிட்டால் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே போகலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

4. காரில் திரும்புகிறவருக்கு: ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 100 மில்லி லிட்டருக்கு இங்கிலாந்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50. எல்லையோரம் நடப்பவர்கள் இதை மறந்து மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

5. கையில் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் அதைப் பப்பின் மேசையில் பிரிக்கக் கூடாது. தோட்டத்து மேசையும் பப்புடையதுதான். வயல் வேலிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு தேநீராவது வாங்கிக் குடிக்கலாம்.